விலைச்சீட்டில் இல்லாத விலை: வீட்டு வீடியோ கேமராவின் கதை

பழைய பீரோவைத் துழாவினால் பல வீடுகளில் ஒரு வீடியோ கேசட் அகப்படும். அதன் முதுகில் ஒரு கல்யாணத் தேதியோ, ஒரு குழந்தையின் பெயரோ பேனாவால் எழுதியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பார்க்க முடியாது. அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி பழுதாகி, பழைய இரும்புக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அதே வீட்டுச் சுவரில், அதற்கும் முப்பது வருடம் முன்பு ஸ்டுடியோவில் எடுத்த தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் எந்தக் கருவியின் தயவும் இல்லாமல் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு பொருளின் விலை கடையில் ஒட்டியிருக்கும் சீட்டோடு முடிவதில்லை என்பது வணிகவியல் படிக்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். வாங்கும் விலை, ஓட்டும் செலவு, பழுது பார்க்கும் செலவு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வீட்டில் படம் பிடிக்கும் கேமராவின் வரலாற்றை இந்தக் கணக்கோடு பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் கேமரா மலிவானது. மலிவான ஒவ்வொரு முறையும், விலையின் ஒரு பகுதி சீட்டிலிருந்து நகர்ந்து வேறு எங்கோ போய் ஒளிந்துகொண்டது. முதலில் ஃபிலிமில், பிறகு கேசட்டில், பிறகு கம்ப்யூட்டரில். எல்லாவற்றையும் விடப் பெரிய பகுதி, பார்க்கும் கருவியில்.

ஃபிலிம் காலம்: நிமிடத்துக்கு இவ்வளவு

1923-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் ஃபிலிமையும் சினி கோடாக் என்ற கேமராவையும் வெளியிட்டது. சினிமாக்காரர்கள் பயன்படுத்திய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அப்போது நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பிடிக்கும். வீட்டில் வைத்துக்கொள்ள லாயக்கில்லை. அதனால் கோடாக் தீப்பிடிக்காத அசிடேட் ஃபிலிமை வீட்டுக்கென்று கொடுத்தது. கேமரா, புரொஜெக்டர், ஸ்டாண்டு, திரை எல்லாம் சேர்ந்த செட்டின் விலை 335 டாலர். அதே வருடம் ஃபோர்டு மாடல் டி காரை அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்க முடிந்தது! ஆக, "வீட்டுக் கேமரா" என்றால் பணக்காரர் வீட்டுக் கேமரா என்றுதான் அர்த்தம்.

அடுத்து 1932. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். கோடாக் ஒரு சாமர்த்தியமான வேலை செய்தது. 16 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஒரு பாதியில் முதலில் படம் எடுப்பது, பிறகு சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுப்பது, கழுவும்போது நடுவில் நீளவாக்கில் வெட்டி ஒட்டுவது. 25 அடிச் சுருள் 50 அடியாகிவிடும், ஏறக்குறைய 4 நிமிடம் ஓடும். இதுதான் 8 மில்லிமீட்டர். கேமராவின் விலை 29.50 டாலர். ஒன்பது வருடத்தில் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் ஓட்டும் செலவு? ஒவ்வொரு 4 நிமிடத்துக்கும் ஒரு புதுச் சுருள். ஃபிலிம் விலையிலேயே கழுவும் கட்டணத்தையும் சேர்த்து வாங்கிவிடுவது கோடாக்கின் வழக்கம். கேமராவை ஒரு முறைதான் விற்க முடியும், ஃபிலிமை ஆயுள் முழுவதும் விற்கலாம். சவரக் கத்தியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கும் அதே வியாபாரம். 1965-ல் வந்த சூப்பர் 8, ஃபிலிமை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துக் கொடுத்தது. இருட்டில் கோக்க வேண்டியதில்லை, கூட்டைச் செருகினால் போதும். வேலை எளிதானது, செலவு குறையவில்லை. ஒரு கூடு 3 நிமிடம் 20 விநாடிதான்.

இந்தக் கஞ்சத்தனமே அந்தக் கால வீட்டுப் படங்களின் இலக்கணத்தைத் தீர்மானித்தது. குழந்தை கேக் வெட்டுவது 10 விநாடி, பாட்டி சிரிப்பது 5 விநாடி, கடற்கரை 15 விநாடி. பெரும்பாலும் சத்தம் கிடையாது. ஒலி சேர்ந்த சூப்பர் 8 ஃபிலிமை கோடாக் கொடுத்தது 1973-ல்தான். ஆனால் ஒரு நன்மை இருந்தது. ஃபிலிமில் இருப்பது படம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் ஆபிரகாம் ஜாப்ரூடர் என்ற துணி வியாபாரி, ஜனாதிபதி கென்னடியின் ஊர்வலத்தைத் தன் 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்தார். 26 விநாடி, 486 பிரேம். ஜனாதிபதி சுடப்பட்டது முழுவதும் அதில் பதிந்தது. 1999-ல் அமெரிக்க அரசு அந்தச் சுருளுக்காக அவருடைய குடும்பத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்தது. வீட்டுக் கேமராவில் எடுத்த படத்துக்கு அவ்வளவு விலை கிடைத்தது அபூர்வம்தான். அந்தப் படத்தை இன்றும் பிரேம் பிரேமாகப் பார்க்க முடிகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

டேப் வந்தது

காந்த டேப்பில் படத்தைப் பதியும் கருவியை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலமாரி அளவு, பல்லாயிரம் டாலர் விலை, டிவி நிலையங்களுக்கு மட்டும். 1967-ல் சோனி போர்ட்டாபேக் என்ற தோளில் மாட்டும் கருவியைக் கொண்டுவந்தது. கேமரா கையில், டேப் பெட்டி தோளில். கலைஞர்களும் சமூக இயக்கத்தினரும் பயன்படுத்தினார்கள். வீடுகளுக்கு அது வரவில்லை.

டேப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவை சோனியின் பீட்டாமேக்ஸும் (1975) ஜேவிசியின் விஎச்எஸ்ஸும் (1976). இவை டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் சினிமா கேசட் பார்க்கவும் வந்தவை. இவற்றோடு ஒரு கேமராவை இணைத்துப் படமும் எடுக்கலாம். ஆனால் கேமரா தனி, ரெக்கார்டர் தனி, நடுவில் ஒரு கேபிள். ஒரு குடும்பச் சுற்றுலாவில் அப்பா மூட்டை தூக்குபவர் போலத்தான் காட்சியளிப்பார்.

டேப்பின் பெரிய கவர்ச்சி ஓட்டும் செலவு. சூப்பர் 8 கூடு 3 நிமிடம் ஓடும், கழுவக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். டேப் மணிக்கணக்கில் ஓடும், கழுவ வேண்டியதில்லை, பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு அதன் மேலேயே எடுக்கலாம். நிமிடத்துக்கு ஆகும் செலவு தரைமட்டத்துக்கு வந்தது. பதிலாக வீடு இழந்தது என்ன? டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு நாடாதான் தெரியும். படம் அதில் கண்ணால் பார்க்கும் வடிவத்தில் இல்லை. ஒரு குறிப்பிட்ட அளவுள்ள உருளை, குறிப்பிட்ட வேகத்தில் சுழன்று, குறிப்பிட்ட சாய்வில் டேப்பைத் தொட்டால்தான் படம் திரும்ப வரும். அந்த இயந்திரம் இல்லையென்றால் படம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

1983 முதல் 1985 வரை: மூன்று கேசட், ஒரு குழப்பம்

கேமராவையும் ரெக்கார்டரையும் ஒரே உடம்பில் சேர்த்த முதல் வீட்டுக் கருவி 1983-ல் சோனி வெளியிட்ட பீட்டாமூவி. ஏறத்தாழ இரண்டரை கிலோ எடை, தோளில் வைத்து எடுக்க வேண்டும். முழு அளவு பீட்டாமேக்ஸ் கேசட்டே உள்ளே போகும். அதற்காக, சுழலும் உருளையைச் சிறிதாக்கி, பதியும் முறையையும் மாற்றியிருந்தார்கள். விளைவு, அது பதியும், ஆனால் பதிந்ததைப் போட்டுக் காட்டாது! எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று தெரிய வீட்டுக்குப் போய் பீட்டாமேக்ஸ் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டி இல்லாதவருக்கு இந்தக் கேமராவால் பயனில்லை.

1984-ல் ஜேவிசி பதில் கொடுத்தது. விஎச்எஸ் டேப்பையே ஒரு குட்டிக் கேசட்டில் அடைத்த விஎச்எஸ்-சி முறையில் ஒரு கேமராவை வெளியிட்டது. ஜிஆர்-சி1 என்ற அந்தக் கேமராவிலேயே பதிந்ததைத் திரும்பப் பார்க்கலாம். 1985-ல் வந்த "பேக் டு தி ஃபியூச்சர்" படத்தில் கதாநாயகன் கையில் இருப்பது இந்த மாடல்தான். குட்டிக் கேசட்டை ஒரு கூட்டுக்குள் வைத்து வீட்டிலுள்ள சாதாரண விஎச்எஸ் பெட்டியில் போட்டுவிடலாம் என்பது இதன் பெரிய பலம். பலவீனம் நேரம். ஆரம்பகாலக் கேசட்டுகள் அமெரிக்க முறையில் 20 நிமிடம், ஐரோப்பிய முறையில் 30 நிமிடம். தாலி கட்டும் நேரத்தில் கேசட் தீர்ந்தால் கதை முடிந்தது.

மூன்றாவது, வீடியோ 8. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட பொது அளவு இது. 1984-ல் கோடாக்கும், 1985 தொடக்கத்தில் சோனியும் இந்த வகைக் கேமராவை வெளியிட்டன. டேப்பின் அகலம் 8 மில்லிமீட்டர்தான், கேசட் ஆடியோ கேசட் அளவு. ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் பதியலாம், ஒலியும் தெளிவு. கேட்கும்போது இதுதான் சிறந்தது என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான வீடுகளில் வீடியோ 8 போடும் பெட்டி கிடையாது. கேமராவையே கேபிளால் டிவியோடு இணைத்துத்தான் பார்க்க வேண்டும். அதாவது கேமராதான் பார்க்கும் கருவியும். கேமரா செத்தால் கேசட்டுகளும் ஊமையாகிவிடும்.

அன்று கடையில் நின்ற ஒரு குடும்பம் இந்த மூன்றையும் எப்படி ஒப்பிட்டிருக்கும்? எடை, நேரம், விலை. "இதைப் பார்க்கும் கருவி எத்தனை வருடம் கிடைக்கும்?" என்ற கேள்விக்கு எந்த விளம்பரத்திலும் இடமில்லை. கேட்டிருந்தால் விஎச்எஸ்-சி பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பழைய விஎச்எஸ் பெட்டியை இன்றும் இரண்டாம் கைக்கடைகளில் தேடிப் பிடித்துவிடலாம். நல்ல நிலையிலுள்ள வீடியோ 8 கேமரா கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

பாஸ்போர்ட் அளவு

வாங்கியவர்கள் நேரத்தையும் எடையையும்தான் பார்த்தார்கள். அது தவறும் இல்லை. தூக்க முடியாத கேமரா பீரோவிலேயே கிடக்கும். 1989-ல் சோனி சிசிடி-டிஆர்55 என்ற ஹேண்டிகேமை ஜப்பானில் வெளியிட்டது. எடை 790 கிராம். பாஸ்போர்ட் அளவு என்று விளம்பரம் செய்தார்கள். ஜப்பானியர்கள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம், விளம்பரம் குறி தப்பவில்லை. அதன் பிறகு கேமரா தோளிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கியது. 1991-ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீடியோ கேமராக்கள் அதை ஆரம்பத்திலேயே பயன்படுத்திய பொருட்களில் ஒன்று. 1992-ல் ஷார்ப் நிறுவனம் பின்னால் சிறு வண்ணத் திரை வைத்த வியூகேமை வெளியிட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்க்கும் வேலை குறைந்தது.

கேமரா சிறிதானதும் அதை எடுப்பவர்களும் மாறினார்கள். 1991 மார்ச் 3 அன்று நள்ளிரவுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் ஹாலிடே என்ற பிளம்பர் சத்தம் கேட்டு எழுந்து, தன் வீட்டு பால்கனியிலிருந்து சோனி ஹேண்டிகேமில் படம் பிடித்தார். ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைப் போலீசார் சூழ்ந்து அடித்ததுதான் அந்தப் படம். உள்ளூர் டிவி நிலையம் ஒளிபரப்பியது, உலகமே பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று நான்கு போலீசாரையும் ஜூரிகள் தண்டிக்காமல் விட்டபோது நகரம் பற்றியெரிந்தது, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1993-ல் மத்திய நீதிமன்றத்தில் நால்வரில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. குடும்பத்தைப் படம் பிடிக்க வாங்கும் ஒரு பொருள் அரசாங்கத்துக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கும் என்று அந்த இரவுதான் உலகத்துக்குக் காட்டியது.

நம் ஊர் வீடுகளில்

இந்தியாவில் கலர் டிவி 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வந்தது. இங்கே பின்பற்றப்பட்டது பால் முறை: 625 கோடு, விநாடிக்கு 25 பிரேம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி: 525 கோடு, விநாடிக்கு ஏறக்குறைய 30 பிரேம். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பலவற்றுக்குக் கேமரா கடையிலிருந்து வரவில்லை, வெளிநாட்டில் வேலை பார்த்த சித்தப்பாவின் பெட்டியிலிருந்து வந்தது. சிங்கப்பூர், மலேசியா, துபாயில் வாங்கியதென்றால் சிக்கலில்லை, அங்கும் பால்தான். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் கதை வேறு. அந்தக் கேசட்டைச் சாதாரண பால் பெட்டியில் போட்டால் படம் கலங்கும், உருளும், சில நேரம் வண்ணமே வராது. இரண்டு முறையையும் ஏற்கும் பெட்டி தேடி அலைய வேண்டும். வாங்கிய நாடும் விலையில் ஒரு பகுதி என்று பலருக்கு அப்போதுதான் புரிந்தது.

கல்யாண வீடியோ எடுத்த தொழில்காரர்கள் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். தோளில் வைக்கும் பெரிய விஎச்எஸ் கேமராவைத்தான் வைத்துக்கொண்டார்கள். எடை அதிகம், ஆனால் முழு அளவுக் கேசட் எங்கே போனாலும் கிடைக்கும், எந்த வீட்டிலும் ஓடும். வாடிக்கையாளரிடம் இருக்கும் பெட்டியைப் பார்த்துக் கேமராவைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கேமராவை மட்டும் பார்த்தார்கள்.

டிஜிட்டல்: நகல் தேயாது, ஆனால்...

சாதாரண கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு நகல் எடுத்தால் படம் கொஞ்சம் தேயும். நகலின் நகல் இன்னும் தேயும். 1995-ல் வந்த டிவி என்ற டிஜிட்டல் முறை (தொலைக்காட்சியைக் குறிக்கும் சொல் அல்ல, டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம்) இந்தத் தேய்மானத்தை ஒழித்தது. மினி டிவி கேசட் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, 60 நிமிடம் ஓடும். ஃபயர்வயர் கேபிளில் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் பதிந்தது அப்படியே போய்ச் சேரும். 1999-ல் ஆப்பிள் ஐமூவியையும், 2000-ல் மைக்ரோசாஃப்ட் மூவி மேக்கரையும் கொடுத்தபோது, வேண்டாததை வெட்டித் தள்ளும் வசதியும் வீட்டுக்கு வந்தது.

சரி, விலை எங்கே ஒளிந்தது? கம்ப்யூட்டரில். ஒரு மணி நேர டிவி படத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி இடம் வேண்டும். 1990-களின் கடைசியில் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களின் முழு ஹார்ட் டிஸ்க்குமே அவ்வளவு இருக்காது. ஃபயர்வயர் கார்டு தனி. மாற்றுவதும் ஓடும் நேரத்திலேயேதான்: ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று வைத்த கேசட்டுகள் அப்படியே தங்கிவிட்டன.

இந்த வரலாற்றில் பழைய கேசட்டுகளையும் நினைவில் வைத்துச் செய்த கேமரா ஒன்று உண்டென்றால் அது 1999-ல் சோனி கொடுத்த டிஜிட்டல் 8. பழைய 8 மில்லிமீட்டர் கேசட்டிலேயே டிஜிட்டலாகப் பதியும். அதைவிட முக்கியம், அதன் பல மாடல்கள் 1985-லிருந்து எடுத்த பழைய வீடியோ 8 கேசட்டுகளையும் ஓட்டி, அதே ஃபயர்வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பின. மினி டிவியைவிடப் பருமன், பார்க்க அழகில்லை. அன்றைய கடைக்காரர்கள் இதைப் பழைய மாடல் மாதிரி ஓரத்தில் வைத்திருப்பார்கள். ஆனால் முப்பது கேசட் வைத்திருந்த குடும்பத்துக்கு உண்மையில் மலிவான கேமரா இதுதான்.

அதன் பிறகு டேப்பை ஒழிக்கும் போட்டி நடந்தது. ஹிட்டாச்சி 2000-ல் 8 சென்டிமீட்டர் டிவிடியில் பதியும் கேமராவைக் கொண்டுவந்தது. எடுத்து முடித்ததும் வட்டை முடித்து மூட வேண்டும் என்று ஒரு சடங்கு உண்டு. செய்யாவிட்டால் வீட்டு டிவிடி பிளேயர் பல நேரம் படிக்காது. அதை மறந்த வட்டுகளும் பீரோவில் உண்டு. 2004-ல் ஜேவிசியின் எவரியோ சிறு ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. அப்போது கடைகளில் விற்பனை பேச்சு எல்லாம் ஜூமைப் பற்றித்தான். 700 மடங்கு, 800 மடங்கு என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவார்கள். அது டிஜிட்டல் ஜூம், இருக்கிற படத்தைப் பிய்த்துப் பெரிதாக்குவது. லென்ஸ் உண்மையாகக் கொடுக்கும் 10 அல்லது 20 மடங்குதான் பயன்படும். விலையைக் குறைக்க நிறுவனங்கள் வெட்டியது பெட்டியில் எழுதாத விஷயங்களை: ஒளியை வாங்கும் சில்லின் அளவு சிறுத்தது, வெளி மைக் செருகும் துளை காணாமல் போனது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த பிறந்தநாள் படங்கள் புள்ளி புள்ளியாக இருப்பதும், பாட்டியின் குரலைவிட மோட்டார் இரைச்சல் அதிகமாகக் கேட்பதும் அதனால்தான்.

ஃபிளிப்: மலிவின் உச்சம்

2005-ல் அமெரிக்காவில் பியூர் டிஜிட்டல் என்ற சிறு நிறுவனம், சிவிஎஸ் மருந்துக்கடைகளில் 29.99 டாலருக்கு ஒரு வீடியோ கேமராவை விற்றது. 20 நிமிடம் எடுக்கலாம். எடுத்ததும் கேமராவைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். 12.99 டாலர் வாங்கிக்கொண்டு டிவிடி போட்டுக் கொடுப்பார்கள், கேமராவை அழித்து அடுத்தவருக்கு விற்பார்கள். கோடாக்கின் பழைய ஃபிலிம் வியாபாரத்தின் மறுபிறவி. ஆனால் விஷயம் தெரிந்த சிலர் கேமராவைப் பிரித்து, கேபிள் ஒட்டி, படத்தைத் தாங்களே கம்ப்யூட்டருக்கு இறக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். திரும்பி வராத கேமராவில் லாபம் ஏது?

மக்கள் கேட்டது என்ன என்பது நிறுவனத்துக்கு அதிலேயே தெரிந்தது. 2007-ல் ஃபிளிப் வந்தது. நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், பக்கத்திலிருந்து மடங்கி வெளியே வரும் யுஎஸ்பி முனை. டேப் இல்லை, வட்டு இல்லை, கேபிள் கூட இல்லை. படத்தைக் கையாளும் மென்பொருளே கேமராவுக்குள் இருந்தது. விலை 150 டாலர் அளவில். லென்ஸ் ஜூம் கிடையாது, கை ஆடினால் படமும் ஆடும். விமர்சகர்கள் குறை சொல்ல நிறைய இருந்தது. ஆனாலும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. 2005-ல் தொடங்கிய யூடியூபில் போடுவதற்கு அந்தத் தரம் போதுமானதாக இருந்தது.

2009 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம் 59 கோடி டாலர் மதிப்புக்கு பியூர் டிஜிட்டலை வாங்குவதாக அறிவித்தது. அதே ஜூன் மாதம் ஐபோன் 3ஜிஎஸ் வீடியோ எடுக்கும் வசதியோடு வெளிவந்தது. 2011 ஏப்ரல் 12 அன்று சிஸ்கோ ஃபிளிப்பை மூடுவதாக அறிவித்தது, 550 பேருக்கு வேலை போனது. வாங்கி இரண்டே வருடம்! வீட்டுக்கென்று தனியாக ஒரு வீடியோ கேமரா வாங்கும் வழக்கமும் அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

கணக்கை முடிக்கும் நேரம்

சோனி 2016 மார்ச்சில் பீட்டாமேக்ஸ் கேசட் உற்பத்தியை நிறுத்தியது. அதே வருடம் ஜூலையில், விஎச்எஸ் பெட்டி செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் நிறுத்திக்கொண்டது. அதற்கும் முன்பே, 2010 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கடையோடு கோடாகுரோம் ஃபிலிமை வாங்கிக் கழுவும் வேலை உலகம் முழுவதும் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு யார் வீட்டிலாவது கழுவாத கோடாகுரோம் சுருள் கிடைத்தால் அதிலிருந்து வண்ணப் படம் வராது. ஆனால் கழுவிய சுருள் இன்றும் தெரியும். வாங்கும்போது விலை அதிகமென்று தோன்றிய ஃபிலிம் 60, 70 வருடம் கழித்தும் தெரிகிறது. மலிவென்று நினைத்த டேப்புக்கு 30 வருடத்தில் கருவியே இல்லை. சீட்டில் போடாமல் விட்ட விலை இதுதான்.

டேப்புக்கு இன்னொரு எதிரி காலம். காந்தத் துகள்களை நாடாவோடு பிடித்து வைத்திருக்கும் பசை வருடக்கணக்கில் தளர்கிறது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். கேசட்டின் சன்னல் வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போல் தெரியும். அப்படிப்பட்டதைத் தூசு தட்டி நேரே பெட்டியில் போட்டால் டேப் அறுந்துபோகலாம், பெட்டியின் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் பீரோவில் கேசட் இருக்கும் வீட்டுக்கு இந்த வரலாறு சொல்லும் வரிசை எளிது. முதலில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். விஎச்எஸ்ஸுக்குப் பெட்டி கிடைக்கும், கொஞ்சம் பொறுக்கலாம். பீட்டாமேக்ஸ், வீடியோ 8, மினி டிவி என்றால் ஓட்டும் கருவி குறைந்துகொண்டே வருகிறது, அவற்றை முந்தி மாற்ற வேண்டும். அவற்றிலும், இப்போது இல்லாதவர்களின் குரல் இருப்பவை முதலில். கல்யாண மண்டபத்தையும் சாப்பாட்டுப் பந்தியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாற்றிய கோப்பை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வைப்பது நல்லது. மாற்றி முடித்ததும் கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம், கோப்பு கெட்டால் அதுதான் மூலம்.

கையில் போன் இருக்கும் தலைமுறைக்கும் இந்தக் கணக்கு தீர்ந்துவிடவில்லை. எடுப்பதற்குச் செலவே இல்லை என்ற நிலைமைக்கு வந்தாகிவிட்டது. ஆனால் போன் தண்ணீரில் விழுந்தால், கணக்கின் கடவுச்சொல் மறந்தால், மாதச் சந்தா கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் விலை இந்த முறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். 1985-ல் கடையில் நின்ற குடும்பம் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போதாவது கேட்கலாம். இந்தப் படத்தை முப்பது வருடம் கழித்து யார், எந்தக் கருவியில் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?